செம்புக்கும் நாற்காலிக்கும் ஒரு புரவலர் வேண்டும்

கோயில் கட்டினால் புண்ணியம், பள்ளிக்கூடம் கட்டினால் புகழ், ஆஸ்பத்திரி கட்டினால் இரண்டும் உண்டு என்பது நம் நாட்டுச் செல்வர்களின் நெடுநாளைய கணக்கு. இந்தக் கணக்கில் மியூசியம் இடம்பிடித்தது மிகவும் பிந்தித்தான். தலைநகரில் வாழும் தமிழர்கள் பெருமைப்படத்தக்க உதாரணம் ஒன்று இங்கேயே இருக்கிறது. திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து கம்ப்யூட்டர் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஷிவ் நாடாரின் துணைவியார் கிரண் நாடார், 2010இல் தம் பெயரில் ஒரு கலை மியூசியத்தைத் தொடங்கினார். வீட்டுச் சுவருக்காக ஓவியம் வாங்க ஆரம்பித்தவர் அவர். அந்தச் சேகரிப்பு வளர்ந்து பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கலைப்படைப்புகள் கொண்ட பொதுச் சொத்தாக ஆகியிருக்கிறது. பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை.

இது பாராட்டத்தக்க காரியம். ஆயினும் இத்தகைய முயற்சிகளில் முதன்மை இடம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமே கிடைக்கிறது. மனிதன் உட்கார்ந்த நாற்காலி, விரித்த ஜமக்காளம், காபி குடித்த கோப்பை, ஏற்றிய விளக்கு ஆகியவற்றையும் கலை நோக்கோடு செய்தவர்கள் உண்டு. இவற்றை அலங்காரக் கலை என்கிறார்கள். நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டதாயின் கைவினை என்ற பெயரில் இதற்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. தில்லியில் தேசிய கைவினை மியூசியத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நம் நாட்டில் உருவான நல்ல மேஜை நாற்காலிகளையும், பீங்கானையும், அச்சுத் துணிகளையும் தொடர்ச்சியாகச் சேர்த்துவைப்பதற்கு யாருக்குப் பொறுப்பு? பெரும்பாலும் பழைய சாமான் வியாபாரிக்குத்தான்!

சண்டிகரில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். 1950களிலும் 60களிலும் அந்நகரத்து அலுவலகங்களுக்காகப் பியர் ஜானரேயும் அவருடன் பணியாற்றிய இந்தியர்களும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் வடிவமைத்தார்கள். பின்னாளில் அவை உடைசல் என்று கழிக்கப்பட்டு, சொற்பத் தொகைக்கு ஏலம் விடப்பட்டன. வாங்கிச் சென்றவர்கள் வெளிநாட்டு ஏலக் கூடங்களில் அவற்றை லட்சக்கணக்கில் விற்றார்கள். மத்திய உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு தடை உத்தரவு பிறப்பித்தது 2011இல். அதற்குள் போனவை போய்விட்டன.

இதைவிட வருந்தத்தக்க கதை ஒன்றும் உண்டு. தமிழ்த் தந்தைக்குக் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி, தாம் அரும்பாடுபட்டுத் திரட்டிய கலைப்பொருள்களைக் கொடுக்கிறேன், இந்தியாவில் ஒரு தேசிய மியூசியம் அமையுங்கள் என்று முன்வந்தார். ஏற்பார் இல்லை. டென்மன் ராஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அச்சேகரிப்பை வாங்கி 1917இல் பாஸ்டன் மியூசியத்துக்குக் கொடுத்தார். குமாரசாமியும் அங்கேயே போய்ப் பணியில் அமர்ந்தார். கொடுக்க ஆள் இருந்தும் வாங்கிவைக்க ஆள் இல்லாமல் போனதால் ஏற்பட்ட நஷ்டம் அது.

பிற நாடுகளில் இக்காரியம் எப்படி நடந்தது? அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரில் வியாபாரம் செய்துவந்த சிட்னி லூயிஸ், பிரான்சிஸ் லூயிஸ் தம்பதியர், தம் கடைச் சரக்கான குளிர்சாதனப் பெட்டி, டெலிவிஷன் முதலியவற்றைக் கலைஞர்களுக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களது படைப்புகளைப் பெற்றுக்கொண்டார்கள். அத்தோடு நில்லாமல், 1970களின் தொடக்கத்தில், வர்ஜீனியா மியூசியம் நாற்காலி, விளக்கு, கண்ணாடிக் கலம் போன்றவற்றை வாங்கப் பணம் அளித்தார்கள். பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் மியூசியத்தின் நிபுணருக்கும் பங்கு இருந்தது. 1985இல் அச்சேகரிப்புக்கென ஒரு தனிப் பகுதியே எழும்பியது.

ஜப்பானில் யானகி சோயெட்சு என்ற அறிஞர், சாதாரணக் கைவினைஞன் செய்யும் அன்றாடப் பாத்திரத்திலே அழகு இருக்கிறது என்று வாதாடினார். பஞ்சாலை அதிபர் ஒஹாரா மகோசாபுரோ கொடுத்த நன்கொடையில் 1936இல் டோக்கியோவில் நாட்டுக் கைவினை மியூசியம் உருவாயிற்று. இதற்குத் தில்லித் தொடர்பும் உண்டு. யானகியின் நண்பர்களில் ஒருவர் சர்தார் குருசரண் சிங். செங்கல் தொழில் செய்த குடும்ப நண்பர் ஒருவரின் உதவியால் 1919இல் ஜப்பான் சென்று பீங்கான் தொழில் கற்றுவந்தவர். 1952இல் தில்லியில் தம் மண்பாண்டத் தொழிற்கூடத்தை நிறுவி, நவீன இந்தியப் பீங்கான் கலைக்கே வழிகாட்டியானார். ஒரே நட்பு வட்டத்தைச் சேர்ந்த இருவரில் ஜப்பானியருக்கு ஒரு ஒஹாரா கிடைத்தார். தில்லியின் நீலப் பீங்கானுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

நம்மவர்களுக்கு மனம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தினர் 1949இல் காலிகோ துணி மியூசியத்தைத் தொடங்கினார்கள். அந்த யோசனைக்கு வித்திட்டவர் மேலே சொன்ன குமாரசாமியே. 1990களில் காலிகோ ஆலை மூடப்பட்டுவிட்டது. மியூசியம் நிலைத்து நின்றது. புனேயில் மூக்குக்கண்ணாடி வியாபாரம் செய்த தினகர் கேல்கர், விளக்கும் பாக்குவெட்டியுமாகச் சேர்த்த ஆயிரக்கணக்கான பொருள்களை 1975இல் மாநில அரசிடம் ஒப்படைத்தார். சிறு வயதில் இறந்த மகன் ராஜாவின் பெயரை அதற்கு இட்டார். தில்லியிலேயே ஓ.பி. ஜெயின் 1978இல் சம்ஸ்கிருதி அறக்கட்டளையை நிறுவி, மெஹ்ரோலி – குர்காவ் சாலையில் அன்றாடக் கலைப்பொருள்கள், சுடுமண் பொம்மைகள், துணிகள் ஆகியவற்றுக்கு மியூசியங்கள் அமைத்தார்.

பணக்காரர் ரசனையை நாட்டின் ரசனையாக ஏன் ஏற்கவேண்டும், இதெல்லாம் பெயருக்கும் வரிச் சலுகைக்குமான ஏற்பாடுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இக்கேள்வியை ஒதுக்கித் தள்ளுவதற்கில்லை. கொடையாளியின் பெயர் வாசலில் இருப்பதில் தவறில்லை. அவரது விருப்பு வெறுப்பே உள்ளேயும் ஆட்சி செய்தால்தான் தவறு. ஆகவே சில நிபந்தனைகள் அவசியம். பொருள்கள் குடும்பச் சொத்தாக இராமல் அறக்கட்டளையின் பெயருக்கு மாறவேண்டும். முழுப் பட்டியல் அச்சிட்டு வெளியிடவேண்டும். வாங்குவது எது, தள்ளுவது எது என்பதைத் துறை அறிந்தவர்கள் தீர்மானிக்கவேண்டும். கட்டடத்துக்குக் கொடுப்பதோடு நிறுத்தாமல், பராமரிப்புக்கும் மூலதன நிதி ஒதுக்கவேண்டும். செய்தவனின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதிவைக்கவேண்டும். கொடுத்தவர் பெயர் கல்லில் இருந்து, செய்தவர் பெயர் காகிதத்தில்கூட இல்லாமற் போவது நியாயமாகாது.

அரசுக்கும் கடமை உண்டு. ஹைதராபாத்தில் மூன்றாம் சாலார் ஜங் 1949இல் வாரிசின்றிக் காலமானபோது அவரது சேகரிப்பு சிதறிப்போகாமல் 1951இல் மியூசியமாக ஆனது. 1961இல் பாராளுமன்றம் சட்டமியற்றி அதைத் தேசிய ஸ்தாபனமாக்கியது. அந்த அக்கறை இன்றும் வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் கைவினை வளர்ச்சியும் அப்பட்டியலில் உண்டு. ஆனால் நன்கொடைக்கான வருமானவரிச் சலுகை பணமாகக் கொடுத்தால்தான் என்பது நெடுங்கால விதி. அமெரிக்காவில் கலைப்பொருளைப் பொருளாகவே கொடுத்தாலும் அதன் மதிப்புக்கு வரிக்கழிவு உண்டு. மதிப்பீட்டில் மோசடி நடக்காதபடி தகுந்த காவல் வைத்து, இங்கும் அதற்கு வழி செய்யலாம்.

கோடீஸ்வரர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அன்று இது. கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பரண்களில், ஊரிலிருந்து ரயிலேறி வந்த கும்பகோணம் பித்தளை டவராவும், நாச்சியார்கோயில் குத்துவிளக்கும், பத்தமடைப் பாயும் இன்னமும் இருக்கக்கூடும். வீடு மாற்றும்போது எடைக்குப் போடுமுன், எப்போது, எந்த ஊரில், யார் வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தாலே பாதி மியூசிய வேலை முடிந்தது. தமிழ் அமைப்புகள் கூடி ஒரு பட்டியல் தயாரிக்கட்டும். பிறகு அதற்கு இடமும் பாதுகாப்பும் தரும்படி செல்வர்களைக் கேட்கட்டும். குமாரசாமி கொடுக்க வந்தபோது ஏற்பார் இல்லை என்ற பழி ஒரு முறை நேர்ந்தது போதும்.