நம்பர் தப்பாப் போட்ட மனு நிக்காது

மஞ்சள் வெட்டு நடந்துக்கிட்டிருக்கு. ஆள் கிடைக்கிறது குதிரைக் கொம்பா இருக்கு. அதனால ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியலை. இன்னைக்கும் வெட்டுக்கூலி பத்தி எழுதலாம்னுதான் உக்காந்தேன். ஆனா முந்தாநாள் டீக்கடையில நடந்த வாக்குவாதம் மனசுல கெடந்து உறுத்துது. அதை எறக்கி வச்சிடறேன்.

உங்க வாட்ஸ்அப்புக்கும் அந்தச் செய்தி வந்திருக்கும். "பிளாக்ராக்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கோக் எல்லாமே அவனுக்குச் சொந்தம். அமெரிக்காவுல வீட்டையெல்லாம் வாங்கி மக்களை வாடகைக்கு உக்கார வச்சிட்டான். அடுத்து நம்ம நிலம்." இதைப் படிச்சதும் எனக்கும் ரத்தம் கொதிச்சுது. நாலு குழுவுக்கு அனுப்பினேன்.

ஒன்னுவிட்ட அண்ணன் மக கோயமுத்தூர்ல கணக்குத் தணிக்கை ஆபீஸ்ல வேலை பாக்குது. அன்னைக்கு ராத்திரியே கூப்பிட்டுச்சு. "சித்தப்பா, வீடு வாங்கின கம்பெனி எதுன்னு பாத்தீங்களா?" "ஏன் கண்ணு, பிளாக்ராக்தானே?" "இல்லைங்க சித்தப்பா, அது பிளாக்ஸ்டோன். கம்பெனியே வேற."

தேடிப் பாத்தேன். பொண்ணு சொன்னதுதான் சரி. பிளாக்ஸ்டோன் 1985ல ஸ்டீபன் ஷ்வார்ஸ்மன், பீட்டர் பீட்டர்சன்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சது. ஷ்வார்ஸ்னா ஜெர்மன்ல கறுப்பு, பீட்டர்ங்கிற பேருக்குக் கிரேக்கத்துல கல்லுன்னு அர்த்தம். அதான் அந்தப் பேரு. பிளாக்ராக் 1988ல லாரி ஃபிங்கும் கூட்டாளிகளும் அந்த பிளாக்ஸ்டோன் பணத்துல, அதோட நிழல்லயே தொடங்கினது. 1990கள்லயே பங்கு பிரிஞ்சு தனியாப் போயிட்டாங்க. அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச மாதிரி. அண்ணன் வாங்கின கடனுக்குத் தம்பி வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தினா எப்படி?

மறுநாள் டீக்கடையில இதைச் சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்துட்டாரு. "அப்ப அமெரிக்கக்காரனுக்கு வக்காலத்தா? ரெண்டும் பணக்காரன்தானே, எந்தப் பேரா இருந்தா என்னய்யா?"

என்னன்னு சொல்றேன். அனுபவத்துல சொல்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க கடைமடைக்கு வர்ற வாய்க்காலைப் பக்கத்துக் காட்டுக்காரர் மண்ணைப் போட்டு மறிச்சிட்டாரு. ஊரே சாட்சி. ஆத்திரத்துல மனு எழுதும்போது உட்பிரிவு நம்பரைத் தப்பாப் போட்டுட்டேன். 2ஏ-க்குப் பதிலா 2பி. விசாரணைக்கு வந்த மனுசன் சாவகாசமாச் சொன்னாரு, "அந்த நம்பர்ல எனக்கு நிலமே இல்லைங்களே." மனு தள்ளுபடி. அவர் சொன்னது பொய் இல்லை, ஆனா தப்பு செஞ்சவர் அவர்தான். மறுபடி மனு போட்டு வாய்க்கால் தொறக்க ரெண்டு போகம் போச்சு. நான் போட்ட ஒரு எழுத்துத்தான் அவரைக் காப்பாத்துச்சு.

அதேதான் இங்கயும். பிளாக்ராக்கைப் பாத்து "நீதான் வீட்டையெல்லாம் வாங்கினே"ன்னு கத்தினா, "நாங்க தனி வீடு வாங்கறதில்லை"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. உண்மையில நடந்தது என்ன? 2008 வீழ்ச்சியில லட்சக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்க வீட்டைக் கடனுக்குப் பறிகொடுத்தாங்க. 2012லிருந்து பிளாக்ஸ்டோன், இன்விடேஷன் ஹோம்ஸ்ங்கிற கம்பெனி வழியா அந்த மாதிரி வீடுகளைப் பல்லாயிரக் கணக்குல வாங்கி வாடகைக்கு விட்டுச்சு. 2019ல ஐ.நா.வோட வீட்டுரிமைக்கான சிறப்பு அறிக்கையாளர் லைலானி ஃபார்ஹா பிளாக்ஸ்டோனுக்கே பேர் போட்டுக் கடிதம் எழுதினாங்க. கம்பெனியும் மறுத்துப் பதில் எழுத வேண்டி வந்துச்சு. சரியான நம்பர் போட்ட மனு அப்படித்தான் இருக்கும்.

"வீட்டையெல்லாம்"ங்கிற வார்த்தையும் சரியில்லை. அமெரிக்காவுல இருக்கிற மொத்த வீட்டுல இந்த மாதிரி பெரிய கம்பெனிங்க கையில இருக்கிறது சின்னப் பங்குதான். ஆனா அட்லாண்டா, ஃபீனிக்ஸ் மாதிரி சில ஊர்கள்ல குறிப்பிட்ட தெருக்கள்ல குவிச்சு வாங்கியிருக்காங்க. மாவட்ட சராசரி நிலத்தடி நீர் நல்லா இருக்குன்னு அதிகாரி சொல்லுவாரு, நம்ம போர்ல காத்துதான் வரும். ரெண்டும் உண்மை. "நாடே போச்சு"ன்னு கத்தினா சராசரியைக் காட்டி வாயை அடைச்சிடுவாங்க. "இந்தத் தெருவுல இத்தனை வீடு"ன்னு சொன்னா அடைக்க முடியாது.

சரி, "எல்லாமே அவனுக்குச் சொந்தம்"ங்கிறதைப் பாப்போம். 2024 முடிவுல பிளாக்ராக் நிர்வாகம் பண்ணின பணம் 11 லட்சம் கோடி டாலருக்கும் மேல. தலை சுத்துற கணக்குதான். ஆனா ஈரோட்டு மண்டிக் குடோன்ல என்னோட 40 மூட்டை மஞ்சளும் கெடக்கு, உங்களோடதும் கெடக்கு. அத்தனையும் மண்டிக்காரரோடதுன்னு எவனாவது சொன்னா சிரிக்க மாட்டோமா? அந்தப் பணம் ஓய்வூதிய நிதிகளோடது, காப்பீட்டுக் கம்பெனிகளோடது, மாசச் சம்பளக்காரங்க சேமிப்பு. அந்த வருஷம் பிளாக்ராக்கோட சொந்த வருமானம் சுமார் 2,000 கோடி டாலர். அதாவது நூறு ரூபாயைப் பாத்துக்கிட்டதுக்கு இருபது பைசாவுக்கும் கீழ.

ஆப்பிள்லயும் கோக்லயும் பேர் வர்றதுக்குக் காரணமும் இதுதான். குறியீட்டு நிதின்னு ஒன்னு. பட்டியல்ல இருக்கிற எல்லாக் கம்பெனிப் பங்கையும் அதோட அளவுக்கு ஏத்த மாதிரி வாங்கிப் போடறது. அதனால எந்தக் கம்பெனியைத் தொறந்தாலும் பிளாக்ராக், வேன்கார்டுன்னு பேர் இருக்கும். ஆப்பிள்ல பிளாக்ராக் கையில இருக்கிறது ஏழு சதவீதம் அளவுக்கு. அதுவும் ஊரான் பணத்துல வாங்கினது.

இதோட நிறுத்தினா நான் நிஜமாவே வக்காலத்துதான் வாங்கினவன் ஆவேன். ஏன்னா அந்தக் கம்பெனிகளும் இதே வரியைத்தான் சொல்லி ஒதுங்குது: "நாங்க சொந்தக்காரங்க இல்லை, பாத்துக்கிறவங்க மட்டும்தான்." இதுவும் அரை உண்மை.

கோயில் நிலத்தை நெனச்சுக்கோங்க. நிலம் சாமியோடது. தர்மகர்த்தா பேர்ல ஒரு சென்ட் இருக்காது. ஆனா குத்தகை யாருக்குங்கிறது அவர் வாயில இருக்கு. அவரைப் பாத்து எத்தனை பேர் துண்டை இடுப்புல கட்டியிருக்காங்க! பங்கு வச்சிருக்கிறவனுக்குக் கம்பெனிக் கூட்டத்துல ஓட்டு உண்டு. ஆசிரியர் ஓய்வூதியப் பணத்துல வாங்கின பங்குக்கு ஓட்டுப் போடறது ஆசிரியர் இல்லை, பெரும்பாலும் நிதியை நடத்துறவங்க. 2021ல எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியில அது வெளிச்சமாத் தெரிஞ்சுது. எஞ்சின் நம்பர் ஒன்னுன்னு ஒரு குட்டி நிதி. கையில இருந்த பங்கு 0.02 சதவீதம்தான். நிர்வாகத்தை எதிர்த்து மூணு இயக்குநரை உள்ள கொண்டு வந்துச்சு. பிளாக்ராக், வேன்கார்டு, ஸ்டேட் ஸ்ட்ரீட் மூணும் ஆதரவு ஓட்டுப் போட்டதாலதான் அது முடிஞ்சுது.

அது நல்லதுக்கா கெட்டதுக்காங்கிறது வேற பேச்சு. நாலஞ்சு பேர் கையில அவ்வளவு ஓட்டுச் சேந்து கெடக்கே, அந்த ஓட்டு யாரைக் கேட்டுப் போடறாங்க? அதுதான் கேக்க வேண்டிய கேள்வி. "உலகமே அவனுக்குச் சொந்தம்"னு கத்துற சத்தத்துல அது அமுங்கிப் போகுது.

டீக்கடைப் பெரியவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, பெரியவனைப் பத்திப் பேசும்போதுதான் அளந்து பேசணும். ஏழையைப் பத்தித் தப்பாச் சொன்னா அவனால மறுக்க முடியாது, அது பாவம். பணக்காரனைப் பத்தித் தப்பாச் சொன்னா அவன் வக்கீலை வச்சு மறுப்பான், கூடவே நாம சொன்ன நெசமும் பொய்யாப் போயிடும், அது நமக்கு நட்டம். பிளாக்ராக் இனிமே தூரத்துக் கதையும் இல்லை. 2025ல ஜியோவோட கூட்டுச் சேந்து நம்ம நாட்டுலயே மியூச்சுவல் ஃபண்ட் தொடங்கியாச்சு. நம்ம பசங்க மாசம் ஐநூறு, ஆயிரம்னு போடப் போறாங்க.

அதனால அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தா, அனுப்பறதுக்கு முன்னாடி நிலம் வாங்கறப்பக் கேக்கற மூணையே கேளுங்க. பட்டா யார் பேர்ல? அனுபவம் யாரு? மடையைத் தொறந்து விடறது யாரு? மூணுக்கும் மூணு பேரா இருக்கலாம். எவன் எதுக்குப் பொறுப்போ அவன் மேல அதுக்கு மனு போடுங்க.

அந்த நாலு குழுவுலயும் "நான் அனுப்பினது தப்பு, வீடு வாங்கினது பிளாக்ஸ்டோன்"னு நேத்து எழுதிப் போட்டுட்டேன். ஒரு குழுவுல ஒருத்தர் மட்டும் கட்டைவிரல் காட்டியிருக்காரு. மத்த மூணு குழுவுல அந்தப் பழைய செய்தி இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

நாளைக்கு வெட்டுக்குப் பதினோரு பேர் வர்றதாச் சொல்லியிருக்காங்க. வந்தா அடுத்த வாரம் கூலிக் கணக்கு எழுதறேன்.