ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடக் கூடாது இணையம்

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் பணியை டான்பிநெட் எனும் மாநில அரசு நிறுவனம் செய்துவருகிறது. நாடு முழுவதும் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைப்பதற்கென்று 2011இல் ஒப்புதல் பெற்ற திட்டம் இது. காலக்கெடுக்கள் பல கடந்தபின், திருத்தப்பட்ட வடிவத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் செலவிட ஒன்றிய அமைச்சரவை 2023 ஆகஸ்டில் இசைந்தது. வடம் ஊராட்சி அலுவலகத்தை எட்டி, கருவியில் விளக்கு எரியத் தொடங்கிவிட்டால், கணக்கில் அது இணைக்கப்பட்ட ஊர். அங்கிருந்து கீழத்தெருவுக்கும் காலனிக்கும் இணையத்தை யார் கொண்டுபோவது, என்ன விலைக்குத் தருவது, பழுதானால் யார் பார்ப்பது, பயன்படுத்தத் தெரியாதவர்களுக்கு யார் கற்றுத்தருவது என்பவற்றுக்குத் தெளிவான பதில் இல்லை. இந்தக் கடைசிக் கட்டத்தை ஊர் மக்களின் அமைப்புகளிடம் நிதியோடு சேர்த்து ஒப்படைப்பதே சரி.

எல்லோர் கையிலும் கைப்பேசி வந்துவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம். ஆண்கள் 57 சதவீதம். தமிழ்நாடு இந்தச் சராசரிக்கு மேலே இருந்தாலும், இங்கும் பெண்களின் விகிதம் பாதியை எட்டவில்லை. அதன்பின் இந்த எண்கள் உயர்ந்திருக்கும். ஆனாலும், வீட்டில் இருப்பது ஒரே திறன்பேசி, அதுவும் காலையில் வேலைக்குப் போகிறவரின் சட்டைப்பையில் போய்விடுகிறது என்பதே பல குடும்பங்களின் நிலை. 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தியபின், மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குக் கூடுதல் சுமையாகிவிட்டது.

பயன்படுத்தத் தெரியாமையின் விலை இதைவிட அதிகம். பட்டா, சாதிச் சான்றிதழ், பொறியியல் கலந்தாய்வு, எரிவாயுப் பதிவு என எல்லாம் திரைக்கு வந்துவிட்டன. உதவித்தொகை வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு மூதாட்டி பக்கத்துவீட்டுப் பையனிடம் போனை நீட்டி, “என்ன வந்திருக்குன்னு பாரு தம்பி” என்கிறார். அதே நம்பிக்கையோடுதான், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் குரலுக்கு ஓடிபி எண்ணையும் படித்துக் காட்டச் சொல்கிறார். பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருக்காது.

ஊர் மக்களே நடத்திய இணைய மையங்களுக்குத் தமிழ் மண்ணில் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசி சரியாக எட்டாத இடங்களுக்கு வானொலி அலை வழியே தரவு அனுப்பப்பட்டது. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்சாரம் கைகொடுத்தது. இடத்தை ஊர் தர வேண்டும், தலித்துகள் உட்பட எல்லோரும் தடையின்றி உள்ளே வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று மையங்களை நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பு, கடலுக்குக் கிளம்பும் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, மையம் இருந்த நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஆழிப்பேரலை பற்றி எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது. வீடுகளும் படகுகளும் சேதமாயின, உயிர்கள் தப்பின. கணினியைத் தொட்டே பார்க்காதவருக்கும் தகவல் போய்ச்சேரும்படி ஊரார் அந்த மையத்தை அமைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலூரின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, 2001இல் மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் இணையக் குடில்கள் திறக்கப்பட்டன. கண்ணில் குறையுள்ளவரின் படத்தை அங்கேயே எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்க முடிந்தது. வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சான்றிதழ் விண்ணப்பங்கள் மின்னஞ்சலில் போயின. சில ஆண்டுகளில் பெரும்பாலான குடில்கள் மூடப்பட்டன. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலானதும் அரசு சேவை நின்றது. பழுது நீக்க ஆள் கிடைக்கவில்லை. நடத்தியவர்களுக்கு வருமானம் கட்டுப்படியாகவில்லை. குடில்கள் அதிகாரிகளின் ஆர்வத்தை நம்பி நின்றன. ஆணையிலும் வரவுசெலவுத் திட்டத்திலும் அவற்றுக்கு இடம் இல்லாமல் போனது. இன்று சமூக இணையம் பற்றிப் பேசுவோர் இந்தத் தோல்வியை மறைக்காமல் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

திறன் பயிற்சியில் கேரளம் வெகுதூரம் போய்விட்டது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி 2022இல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தன்னார்வலர்கள் நூறு நாள் வேலை நடக்கும் இடங்களுக்கே போய், ஓய்வு நேரத்தில் கைப்பேசியைக் கையில் கொடுத்துக் கற்றுத்தந்தார்கள். அதே முறை மாநிலம் முழுவதும் விரிந்து, 21 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி தந்தபின், 2025 ஆகஸ்டில் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 1991இல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தந்தது. கல் குவாரித் தொழிலாளிகள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். எழுத்தறிவைப் போலவே போக்குவரத்தும் பெண்ணின் விடுதலைக்குத் தேவை என்று கண்ட அந்தப் பார்வை இன்றைய திறன்பேசிக்கும் பொருந்தும்.

விலைக்கு வருவோம். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி திட்டப்படி, டீக்கடையோ மளிகைக்கடையோ உரிமமும் கட்டணமும் இல்லாமல் பொது வைஃபை விற்கலாம். சில ரூபாய்க்குச் சிறு பொட்டலமாக இணையம் வாங்கும் வசதி ஏழைகளுக்கு ஏற்றது. ஆனால், 2018ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை 2022க்குள் ஒரு கோடி வைஃபை மையங்கள் என்றது. நாடு அந்த இலக்குக்கு அருகில்கூடப் போகவில்லை. வீட்டு இணைப்பைப் போலப் பல மடங்கு விலையுள்ள தனி இணைப்பை வாங்கும்படி சிறு கடைக்காரரிடம் கேட்டதே முக்கியக் காரணம். 200 எம்பிபிஎஸ் வரையிலான இணைப்புகளுக்கு வீட்டுக் கட்டணத்தைப் போல இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூனில் உச்சவரம்பு விதித்தது நல்ல தொடக்கம். பாரத்நெட் வடத்திலிருந்து மொத்த விலைக்கு இணைப்பு கொடுத்தால் மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் இதை இன்னும் மலிவாகத் தர முடியும். அரசு அந்த விலையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதம், இப்போது டிஜிட்டல் பாரத் நிதி எனப்படும் நிதியத்துக்காக வசூலாகிறது. வடத்துக்கும் கோபுரத்துக்கும் அதிலிருந்து தாராளமாகச் செலவிடும் ஒன்றிய அரசு, கற்றுத்தரும் மனிதருக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். பயிற்சி மையத்துக்குப் புதிதாகக் கட்டடம் தேவையில்லை. 1948இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கிடைத்த நூலகக் கட்டடங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, வைஃபையும் சில கணினிகளும் வைத்து, அதே ஊர்ப் பெண் ஒருவரை முறையான சம்பளத்தில் பயிற்றுநராக அமர்த்தலாம். தன்னார்வலர்களின் உற்சாகம் தொடங்கிவைக்க உதவும். ஆண்டுக்கணக்கில் நடத்த மாதச் சம்பளம் வேண்டும். வேலை முடிந்து வருவோருக்காக மாலையில் திறந்திருப்பதும், புதுச்சேரி மையங்கள் போலச் சாதி பார்க்காமல் எல்லோரையும் அனுமதிப்பதும் எழுத்துப்பூர்வ விதியாக இருக்க வேண்டும். கணக்கு கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். வடம் இன்னும் போய்ச்சேராத ஊர்களும் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசி அலைவரிசை கிடைக்கும் இடங்களில் பயிற்சியை இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.