த கிரே மேன்: உளவாளிகள் இருக்கிறார்கள், உளவைக் காணவில்லை

2022 ஜூலையில் நெட்பிளிக்ஸில் 'த கிரே மேன்' வந்தபோது நாங்கள் அதைப் போட்டுப் பார்த்ததற்கு ஒரே காரணம் தனுஷ். ஹொலிவூட் படத்தில நம்மட ஆள் வாறார் எண்டால் பார்க்காமல் விடேலுமோ? இயக்கம், 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' எடுத்த ரூசோ சகோதரர்கள். நடிப்பில் ரயன் கொஸ்லிங், கிறிஸ் எவன்ஸ், அனா டி ஆர்மாஸ். செலவு 200 மில்லியன் டொலர் என்றார்கள். இவ்வளவும் இருந்தும், பார்த்து முடித்த பிறகு கதையைச் சொல்லச் சொன்னால் எங்களுக்கு இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.

சிறையிலிருந்து எடுத்து சிஐஏ கொலையாளியாகப் பழக்கிய ஒருவன், பெயர் சிக்ஸ். மேலதிகாரியின் குற்றங்களுக்கான ஆதாரம் உள்ள ஒரு ட்ரைவ் அவன் கையில் சிக்குகிறது. அதைப் பறிக்க லொயிட் என்ற மீசைக்காரனை ஏவிவிடுகிறார்கள். அவ்வளவுதான். அந்தக் குற்றங்கள் என்ன, யாருக்கு நடந்தவை என்று நின்று சொல்லப் படத்துக்குப் பொறுமை இல்லை. அடுத்த நகரத்தின் பெயர் பெரிய எழுத்தில் திரையை நிறைக்கும், திரும்பவும் வெடி. தலைப்பின்படி இவன் யார் கண்ணிலும் படாத ஆள். ஆனால் பாங்கொக்கில் சிவப்புக் கோட் சூட்டோடு வந்து நிற்கிறான்!

பிராக் சண்டை நல்லாத்தான் இருக்கு, மறுக்கேல்லை. ஒரு வாங்கோடு விலங்கு பூட்டப்பட்ட நிலையில் சிக்ஸ் தப்பப் பார்ப்பது உண்மையிலேயே விறுவிறுப்பு. ஆனால் அந்தத் தெருவில் பொலிஸ்காரர் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள், அடுத்த காட்சியில் அவர்களை யாரும் நினைப்பதில்லை. சிஐஏ தலைமைக்கோ அது மறைக்கவேண்டிய ஒரு தலையிடி மட்டும்.

இனித் தனுஷ். அவர் பாத்திரத்தின் பெயர் அவிக் சான். தமிழனுக்கு வைக்கிற பெயரா இது? 'தமிழ்' என்ற சொல்லைப் படத்தில் உச்சரிப்பவன் லொயிட், அதுவும் 'கவர்ச்சியான தமிழ் நண்பனே' என்ற மாதிரி ஒரு நக்கலில். அதுக்கே இங்க எத்தனை பேர் கைதட்டினவை!

எங்களுக்குக் கோபம் அதில் இல்லை. கூலிக்குக் கொலை செய்ய வந்த அவிக், ஆஸ்பத்திரியில் அடிபட்டுப் பறித்த ட்ரைவைக் கடைசியில் தானாகவே திருப்பிக் கொடுக்கிறான். லொயிட் கூட்டத்தின் கேடுகெட்ட வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை. இந்தப் படத்தில் மனம் மாறுகிற ஒரே ஆள் அவன்தான். நல்லதொரு உளவுக்கதை அந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கும். அதற்கு இவர்கள் கொடுத்தது ஒரு நிமிடம்கூட வராத ஒரு பேச்சு. தனுஷின் கண்ணை வைத்தே அரைமணித்தியாலம் நடத்தியிருக்கலாம். 'அசுரன்' பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

படம் வந்து சில நாளிலேயே அடுத்த பாகத்தையும் அறிவித்துவிட்டார்கள். அதில அவிக் வந்தால், ஆள் எந்த ஊர், ஏன் இந்த வேலைக்கு வந்தவன் எண்டாவது எழுதட்டும்.