உளுந்துக்கு இன்சூரன்ஸ் கட்டியாச்சு... உங்களுக்கு?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும்... கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்து இ-சேவை மையங்களில் கூட்டம் கூடிவிடும். கையில் அடங்கல், ஆதார் நகல், பேங்க் பாஸ்புக். உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைத்தவர்கள் பயிர்க் காப்பீட்டுக்காக நிற்கிற வரிசை அது. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை ஏமாற்றினாலும் நஷ்டம், அறுவடை நேரத்தில் கொட்டித் தீர்த்தாலும் நஷ்டம். அதனால் கடைசித் தேதியைத் தவறவிடக் கூடாது என்ற பதற்றம் எல்லோர் முகத்திலும் இருக்கும்.

அதே வரிசையில் நிற்பவரிடம், "வீட்டுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "என்னைக்கோ ஒரு கார்டு எடுத்தோம் அண்ணாச்சி, பீரோவுல கெடக்கும்" என்கிற மாதிரிதான் பதில் வரும்.

இத்தனைக்கும் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கையிலிருந்து பணம் போகிறது. ராபி பருவ உளுந்துக்கு, காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் அவர் கட்ட வேண்டும். மீதி பிரீமியம்தான் மத்திய, மாநில அரசுகளின் மானியம். ஆனால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். முழு பிரீமியமும் அரசுடையது. காசு கொடுத்து வாங்குவதற்குப் பதறுகிறோம், சும்மா கிடைப்பதைத் தள்ளிப்போடுகிறோம்! காரணம் சோம்பல் மட்டுமில்லை. பயிருக்குக் கடைசித் தேதி உண்டு. மனுஷனுக்கு இல்லை. நெஞ்சுவலி வரும் நாள்தான் கடைசித் தேதி.

இந்தத் திட்டத்தின் கதை 2009 ஜூலையில் தொடங்குகிறது. அப்போது பெயர் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களும், நல வாரிய உறுப்பினர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆட்சி மாறியதும் 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் திட்டம் ஆனது. 2018-ல் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. அதில் வரும் குடும்பங்களின் செலவில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. காப்பீட்டுத் தொகை இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்.

கவனிக்க வேண்டியது வருமான வரம்பைத்தான். 2009-ல் வைத்த 72,000, விலைவாசி எவ்வளவோ ஏறிய பிறகும் 2021 வரை அப்படியே நின்றது. பிறகுதான் 1,20,000 ஆனது. அதாவது, மொத்தக் குடும்பத்துக்கும் மாதம் 10,000 ரூபாய்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மனைவி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார். நாளுக்கு 250 ரூபாய், மாதம் 20 நாள் வேலை என்றால் 5,000. கணவருக்குக் காட்டு வேலை, கட்டட வேலை என்று 400 ரூபாய் கூலியில் 15 நாள். அது 6,000. ஆக மாதம் 11,000. ஆண்டுக்கு 1,32,000. வரம்பைவிட 12,000 ரூபாய் அதிகம். இந்தக் குடும்பத்தைப் பணக்காரக் குடும்பம் என்று கோவில்பட்டியில் யாராவது சொல்வார்களா? ஆனால் கணக்குப்படி, இலவசக் காப்பீட்டுக்குத் தகுதியில்லை.

சரி, தனியாரிடம் பாலிசி எடுக்கலாமே? எடுக்கலாம். நாலு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய். வயது 50-ஐத் தாண்டியிருந்தால் இன்னும் எகிறும். ஏற்கெனவே சர்க்கரை இருந்தால், அது தொடர்பான சிகிச்சைக்கு மூன்று ஆண்டுகள் வரைகூடக் காத்திருக்கச் சொல்வார்கள். அரசுத் திட்டத்தில் அந்தக் காத்திருப்பு கிடையாது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் வரி போனாலும், மிச்சமிருக்கும் பிரீமியமே இந்தக் குடும்பத்துக்கு ஒரு மாத வருமானத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம்.

இன்னொரு மானியத்தை நாம் மானியம் என்று சொல்வதே இல்லை. வருமான வரிச் சட்டம் தரும் கழிவு. பழைய வரி முறையில் இருப்பவர்கள் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் 25,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். அதுவும் அரசுப் பணம்தான். மாதச் சம்பளக்காரருக்குப் போகிறது. கீழே இருப்பவருக்கு இலவசம், மேலே இருப்பவருக்கு வரிச் சலுகை. மாதம் 11,000 சம்பாதிக்கிற அந்த வீட்டுக்கு?

ராஜஸ்தான் இதற்கு ஒரு வழி பார்த்தது. 2021 மே மாதம் தொடங்கிய சிரஞ்சீவி காப்பீட்டுத் திட்டத்தில், இலவசப் பட்டியலில் வராத குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டினால் சேரலாம் என்று கதவைத் திறந்தது. மீதியை அரசு போட்டது. தமிழ்நாட்டு அரசு 2022-ல் யுனைடெட் இந்தியா நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் குடும்பத்துக்குப் பேசிய பிரீமியமும் 849 ரூபாய்தான். கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களை மொத்தமாகச் சேர்ப்பதால் கிடைக்கிற விலை அது. வரம்பைக் கொஞ்சம் தாண்டிய குடும்பம், தன் காசைப் போட்டு அந்தத் திட்டத்தில் சேர வழி வேண்டாமா?

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. விருப்பப்பட்டவர் சேரலாம் என்றால், நோய் உள்ளவர்கள்தான் முதலில் ஓடி வருவார்கள். செலவு கூடும், பிரீமியம் ஏறும். அதனால்தான் மானியம் ஆரோக்கியமானவரையும் இழுக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2021-ல் பிரீமியம் மானியத்தைக் கூட்டி, வருமான வரம்புக்கு மேல் உள்ளவர்களுக்கும் நீட்டித்தபோது, அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை சுமார் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 2025-ல் 2 கோடியே 40 லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கூடுதல் மானியம் 2025 இறுதியோடு முடிந்ததும், அதே வருமானக் கோடு திரும்ப வந்துவிட்டது. கோட்டுக்கு ஒரு டாலர் மேலே போனாலும் மானியம் இல்லை. ஊர் எதுவானாலும் கோடு போட்டால் இதே கதைதான்.

கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் எல்லாம் சுலபமில்லை. பிரீமியம் இலவசம், சேர்வது இலவசமில்லை. வருமானச் சான்று வாங்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதாரோடு பதிவு மையம் உள்ள கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி சுமார் 60 கிலோமீட்டர். புகைப்படம், கைரேகைக்காகக் குடும்பமே கிளம்பினால், எல்லோருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் காசு தனி. ஆரோக்கியமாக இருக்கும்போது இந்தச் செலவு வீண் என்று தோன்றுவது இயல்பு. பிறகு, அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது மகன் வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்பார்.

கார்டு வைத்திருப்பவர்களும் ஒன்றைச் சரிபாருங்கள். ரேஷன் கார்டில் பெயர் இருந்தால்தான் காப்பீட்டிலும் அந்த உறுப்பினர் வருவார். கல்யாணம் ஆகி மகன் தனி ரேஷன் கார்டு வாங்கிவிட்டால், அவர் குடும்பம் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். 'அப்பா கார்டுல நானும் இருக்கேன்' என்ற நம்பிக்கை ஆஸ்பத்திரி கவுன்டரில் உடைவது நல்லதில்லை. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடலாம்.

வரம்பைத் தாண்டிய தீப்பெட்டித் தொழிலாளர்கள் பார்க்க வேண்டிய இடம் இ.எஸ்.ஐ. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அது உரிமை. 10,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 75 ரூபாய், முதலாளி பங்கு 325. தினக்கூலி சராசரி 176 ரூபாய்க்குள் என்றால் தொழிலாளி பங்கே கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டில் வராத சாதாரண காய்ச்சல், இருமலுக்கும் இதில் குடும்பத்தோடு பார்க்கலாம். நோயால் வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிற பெண்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருவதில்லை என்பதுதான் குறை.

யுனைடெட் இந்தியாவோடு போட்ட ஒப்பந்தம் 2022 ஜனவரி 11 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு. வருமான வரம்பு 72,000-லிருந்து 1,20,000 ஆனதும் அந்த ஒப்பந்தத்தை ஒட்டித்தான். அடுத்த ஒப்பந்தம் 2027 ஜனவரியில்.