28 வாரம் காத்திருந்த வெற்றி

பிரிட்டனில் 1997 செப்டம்பர் 29 அன்று கடைகளுக்கு வந்த ஒரு பாப் ஆல்பம், விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 1998 ஏப்ரலில். அதாவது, 28 வாரங்கள் கழித்து. பாப் சந்தையில் இது தலைகீழ்க் கணக்கு. பெயர்பெற்ற பாடகரின் ஆல்பம் முதல் வாரத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு இறங்குவதுதான் வழக்கம். ‘டேக் தட்’ குழுவிலிருந்து வெளியேறிய ராபி வில்லியம்ஸின் முதல் தனி ஆல்பமான ‘லைஃப் த்ரூ எ லென்ஸ்’ 11ஆம் இடத்தோடு நின்றுபோனது. பிறகு சரிந்தது. ஆள் அவ்வளவுதான் என்று பலரும் கணக்கை முடித்த பிறகு திரும்பி ஏறியது.

பாய் பேண்ட் பாடகர் ஒருவர் தனியாக ஆல்பம் போடும்போதெல்லாம் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தவர் வெளியே வந்துவிட்டார், இனி அவருடைய சொந்தக் குரலைக் கேட்கலாம் என்பது அந்தக் கதை. நிறுவனத்தின் விளம்பரம், பாடகரின் பேட்டி, விமர்சகரின் மதிப்புரை மூன்றும் இதையே பாடுகின்றன. ராபி வில்லியம்ஸின் ஆல்பம் இந்தக் கதைக்கு முதன்மைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றப்படுவதுண்டு. குறுக்கு விசாரணை செய்தால் அது பிறழ்சாட்சியாகிவிடுகிறது. குழுவில் கற்ற தொழில், புதிதாக வாய்த்த ஒரு கூட்டாளி, பொறுத்திருந்த ஒரு நிறுவனம் ஆகியவைதாம் அதைக் கரைசேர்த்தன. விடுதலைக்கு அதில் பங்கு குறைவு.

ஐவரில் கடைக்குட்டி

நைஜல் மார்ட்டின்-ஸ்மித் என்ற நிர்வாகி 1990இல் மான்செஸ்டரில் ‘டேக் தட்’ குழுவை உருவாக்கினார். ‘நியூ கிட்ஸ் ஆன் த பிளாக்’ என்ற அமெரிக்கக் குழுவின் வெற்றியைப் பார்த்து, பிரிட்டனுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எழுந்த யோசனை அது. குழுவின் அச்சாணி கேரி பார்லோ. பாடல் எழுதுவார், மெட்டமைப்பார், பியானோ வாசிப்பார், பெரும்பாலான பாடல்களில் முதல் குரலும் அவருடையதுதான். மார்க் ஓவன், ஹவர்ட் டொனால்ட், ஜேசன் ஆரஞ்ச், ராபி ஆகிய நால்வரும் அவரைச் சுற்றி அமைக்கப்பட்டவர்கள். ராபி சேர்ந்தபோது வயது 16. வீட்டுக்கொரு சேட்டைக்காரப் பிள்ளை இருப்பதுபோலக் குழுவுக்கு அவர். ‘குட் இட் பி மேஜிக்’ போன்ற சில பாடல்களில் மட்டும் முன்னுக்கு வந்து பாடினார்.

இந்த ஏற்பாட்டில் பணக் கணக்கும் அடங்கியிருக்கிறது. இசைத்தட்டு விற்றால் பாடியவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால், வேறொருவர் திரும்பப் பாடினாலும் பல்லாண்டுகள் தொடர்ந்து வருகிற உரிமத்தொகை பாடலை எழுதியவருக்குத்தான். ஒரே மேடையில் ஒரே உடையில் ஆடிய ஐவரில், குழு கலைந்த மறுநாளும் வருமானம் உறுதியானவர் பெரும்பாலும் ஒருவரே. மற்றவர்களுக்குத் தனி ஆல்பம் என்பது கலை ஆசை மட்டுமல்ல, பிழைப்பும்கூட.

1995 ஜூனில் கிளாஸ்டன்பரி இசை விழாவில் ‘ஒயாசிஸ்’ குழுவினரோடு ராபி கூத்தடித்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பாய் பேண்டின் கட்டுக்கோப்புக்கு அது ஒவ்வாதது. ஜூலையில் அவர் வெளியேறினார். 1996 பிப்ரவரி 13 அன்று, ராபியின் 22ஆவது பிறந்தநாளில், மற்ற நால்வரும் குழு கலைவதாக அறிவித்தார்கள். மனமுடைந்த ரசிகைகளுக்கு ஆறுதல் சொல்லத் தொலைபேசி உதவி எண்கள் ஏற்படுத்தப்படும் அளவுக்கு அன்று பிரிட்டன் கலங்கியது.

தப்பிய கணக்கு

அடுத்த ஜார்ஜ் மைக்கேல் கேரி பார்லோதான் என்பதில் அன்று எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ‘வாம்’ இரட்டையரில் எழுதும் ஆற்றல் கொண்டிருந்த ஜார்ஜ் மைக்கேல் 1987இல் ‘ஃபெய்த்’ ஆல்பத்தோடு உலகைப் பிடித்தார் அல்லவா? அதே தர்க்கம். பார்லோவின் முதல் இரண்டு தனி சிங்கிள்களும் முதலிடம் பிடித்தன. 1997இல் வந்த ‘ஓப்பன் ரோடு’ ஆல்பமும் பிரிட்டனில் முதலிடம். இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். 1999இல் வந்த அவருடைய இரண்டாவது ஆல்பம் 35ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. நிறுவனமும் அவரைக் கைவிட்டது.

இந்தப் பக்கம் ராபிக்குப் பழைய நிறுவனத்தோடு ஒப்பந்தச் சிக்கல், பழைய நிர்வாகியோடு வழக்கு, குடி, போதை, அவர் உடல் பருத்ததைக் கேலிசெய்யும் பத்திரிகைப் படங்கள். 1996இல் இஎம்ஐ குழுமத்தின் கிரிசாலிஸ் நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. அவர் முதலில் வெளியிட்ட தனிப் பாடல் ‘ஃப்ரீடம்’. அது ஜார்ஜ் மைக்கேலின் பாடல். தனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்கவும் இன்னொருவரின் பாடலைத்தான் இரவல் வாங்க வேண்டியிருந்தது. இரண்டாம் இடம்வரை போன அந்தப் பாடல் அவருடைய முதல் ஆல்பத்தில் இடம்பெறவும் இல்லை.

பிரச்சினை எளிமையானது. ஐந்து ஆண்டுகள் கால்கள் ஓயாமல் ஆடிய இளைஞருக்குப் பாடல் எழுதும் பயிற்சி இல்லை. வெளியே வந்தவரிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது, சொல்லத் தெரியவில்லை. மயாமிக்கு அனுப்பி, டெஸ்மண்ட் சைல்ட், எரிக் பசிலியன் போன்ற கைதேர்ந்த பாடலாசிரியர்களோடு உட்காரவைத்தார்கள். ‘ஓல்டு பிஃபோர் ஐ டை’ அப்படிப் பிறந்ததுதான். 1997 தொடக்கத்தில் கய் சேம்பர்ஸ் அறிமுகமானார். ‘வேர்ல்டு பார்ட்டி’ குழுவில் இருந்தவர். அவருடைய சொந்தக் குழுவான ‘லெமன் ட்ரீஸ்’ எடுபடவில்லை. இசைக் கல்வி பெற்ற அவரும், வாய்த் துடுக்கும் பழிவாங்கும் வேகமும் கொண்ட ராபியும் சேர்ந்து ஆல்பத்தின் பெரும்பகுதியை எழுதினார்கள். சேம்பர்ஸும் ஸ்டீவ் பவரும் தயாரித்தார்கள். ஆல்பம் உருவான அதே ஆண்டில் ராபி போதை மறுவாழ்வு மையத்துக்கும் போய்வந்தார்.

இரவல் கோட்டு

ஆல்பத்தை இன்று கேட்டால் அதன் இரட்டை மனம் தெளிவாகத் தெரிகிறது. பாதிப் பாடல்களில் முரட்டு கிட்டார், அலட்சியமான உச்சரிப்பு, பீட்டில்ஸை நினைவூட்டும் கோரஸ். அது ‘ஒயாசிஸ்’ ஆண்ட பிரிட்பாப் காலம். பாய் பேண்ட் பையன் என்ற பெயரைக் கழுவ வேண்டுமென்றால் கிட்டாரைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்று அவரும் நம்பினார், நிறுவனமும் நம்பியது. அந்த வரிசையில் முன்னே நிறுத்தப்பட்ட சிங்கிள்களின் கதி இது: ‘ஓல்டு பிஃபோர் ஐ டை’ 2ஆம் இடம், ‘லேஸி டேஸ்’ 8ஆம் இடம், ‘சவுத் ஆஃப் த பார்டர்’ 14ஆம் இடம். இரவல் கோட்டு போடப் போட இன்னும் தொளதொளத்தது.

1997 டிசம்பரில் நான்காவது சிங்கிளாக ‘ஏஞ்சல்ஸ்’ வந்தது. மெதுவான பியானோ, படிப்படியாக விரியும் குரல், யாரும் கூடவே பாடிவிடக்கூடிய கோரஸ். இளவரசி டயானாவின் மரணத்துக்குப் பின் வந்த அந்தக் குளிர்காலத்தில், காக்கும் துணை ஒன்று கூடவே இருக்கிறது என்று ஆறுதல் சொன்ன பாடல் மக்களின் மனதில் இடம்பிடித்ததில் வியப்பில்லை. அது 4ஆம் இடத்தைத் தாண்டவே இல்லை. ஆனால், இறங்கவும் மறுத்தது. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, திருமண மேடைகளுக்கும் இறுதிச் சடங்குகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2005 பிரிட் விருது விழாவில், முந்தைய 25 ஆண்டுகளின் சிறந்த பாடலாக மக்கள் வாக்களித்தது இதற்குத்தான். 1998 மார்ச்சில் ‘லெட் மி என்டர்டெயின் யூ’ தொடர்ந்தது, 3ஆம் இடம். அடுத்த மாதம் ஆல்பம் உச்சியில் இருந்தது.

இந்த இரண்டு பாடல்களும் எங்கிருந்து வந்தன? ‘ஏஞ்சல்ஸ்’ கட்டமைப்பில் ஓர் அசல் பாய் பேண்ட் காதல் பாடல். பார்லோ எழுதி, ஐவரும் மைக்கின் முன் உருகிய பாடல்களின் நேரடி உறவுக்காரன். ‘லெட் மி என்டர்டெயின் யூ’ மேடைக் கோமாளியின் பாட்டு. ராபியின் தந்தை பீட் கான்வே என்ற பெயரில் மேடை நகைச்சுவை நிகழ்த்தியவர். அப்பாவிடமும், பிறகு ‘டேக் தட்’ மேடையிலும் பழகிய வித்தை அது. கூட்டத்தைக் கண்ணால் பிடித்து, தன்னையே கேலிசெய்து, அடுத்த நொடி அழவைப்பது. ஒயாசிஸ்போல் நடித்தவரைச் சந்தை மதிக்கவில்லை. எதிலிருந்து தப்பி ஓடினாரோ அதைத் தன் கைப்பொருளாக ஏற்றபோது கொண்டாடியது.

அட்டையில் ஒரு முகம்

தனி ஆல்பம் என்று சொல்கிறோம். அட்டையில் ஒரு முகம், ஒரு பெயர். உள்ளே திறந்தால் கூட்டுறவு. சேம்பர்ஸ் இல்லாமல் ராபியின் முதல் ஐந்து ஆண்டுகளை எண்ணிப் பார்க்க முடியாது. ‘ஏஞ்சல்ஸ்’ பாடலின் முதல் வடிவத்தை டப்ளினில் தானும் ராபியும் சேர்ந்து எழுதியதாக ரே ஹெஃபர்னன் என்ற அயர்லாந்துப் பாடலாசிரியர் சொல்லிவருகிறார். ஆரம்ப வடிவம் அவரோடு உருவானதை ராபியும் மறுக்கவில்லை. ஒரு தொகை கொடுத்து அவருடைய பங்கு வாங்கப்பட்டது. பாடலின் உரிமைப் பட்டியலில் இருப்பவை இரண்டே பெயர்கள். பின்னர், 2002இல் சேம்பர்ஸும் ராபியும் பிரிந்தார்கள். பத்தாண்டுகளுக்குப் பிறகே மீண்டும் சேர்ந்தார்கள். ஒரு கூட்டத்திலிருந்து விடுபட்டவர் இன்னொரு கூட்டத்தால் ஆக்கப்படுகிறார். முதல் கூட்டம் மேடையில் தெரிந்தது, இரண்டாவது தெரிவதில்லை. ‘சொந்தக் குரல்’ என்ற விளம்பரம் இந்தப் பின்னறை உழைப்பாளிகளைத்தான் முதலில் மறைக்கிறது.

பின்னால் தனியாக வந்த பாய் பேண்ட் பாடகர்களைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. ஜஸ்டின் டிம்பர்லேக்கின் ‘ஜஸ்டிஃபைடு’ (2002) ஆல்பத்தின் பலம் ‘நெப்டியூன்ஸ்’ இரட்டையரும் டிம்பலாண்டும். ‘ஒன் டைரக்‌ஷன்’ குழுவில் இருந்த ஹாரி ஸ்டைல்ஸ் 2017இல் முதல் ஆல்பத்தில் இணைந்த டைலர் ஜான்சன், கிட் ஹார்ப்பூன் ஆகியோரோடு தொடர்ந்து உழைத்தார். 2023இல் ‘ஹாரிஸ் ஹவுஸ்’ ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றது. அதே ‘ஒன் டைரக்‌ஷன்’ குழுவின் ஸெயின் 2016இல் வெளியிட்ட ‘மைண்ட் ஆஃப் மைன்’ பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்தில் நுழைந்தது. 2018இல் வந்த இரண்டாவது ஆல்பம் இரு நாடுகளிலும் முதல் 50 இடங்களுக்குள் வரவில்லை. பார்லோவின் கதைதான் மறுபடியும். முதல் வார முதலிடம் பழைய குழுவின் ரசிகர்கள் செலுத்தும் கடைசி மரியாதை. அதைப் பாடகரின் எதிர்காலத்துக்கான உத்தரவாதம் என்று படிப்பதுதான் தவறு.

பொறுமைக்கு யார் பொறுப்பு?

‘ஏஞ்சல்ஸ்’ என்ற ஒற்றைப் பாடலின் அதிர்ஷ்டம்தானே இது, இதில் என்ன தத்துவம் என்று கேட்கலாம். அதிர்ஷ்டம் உண்டு. ஆனால், அந்தப் பாடல் செப்டம்பர் 29 அன்றே ஆல்பத்தில் இருந்தது. மூன்று சிங்கிள்கள் வரிசையாகச் சறுக்கிய பிறகும் நான்காவதுக்குச் செலவுசெய்ய நிறுவனம் துணிந்தது. அது கருணையால் செய்ததும் அல்ல. போட்ட முதலை எடுக்க வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை. எந்த நோக்கத்தில் செய்திருந்தாலும் பாடகருக்குக் கிடைத்தது அவகாசம்.

இன்று அந்த அவகாசம் சுருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை வெளியீடு, சில மணி நேரத்தில் எத்தனை கோடிப் பேர் கேட்டார்கள் என்ற கணக்கு, அடுத்த வெள்ளிக்குள் தீர்ப்பு. நிறுவனம் எண்ணிக்கையைப் பார்த்து விளம்பரச் செலவை நிறுத்துகிறது. ரசிகர்களோ எண்ணிக்கையை ஏற்ற இரவு பகலாக ஒரே பாடலைச் சுழலவிடுகிறார்கள். முதல் வாரத்தில் 11ஆம் இடம் பிடிக்கும் முன்னாள் பாய் பேண்ட் பாடகர் இன்று ‘தோற்றவர்’ பட்டியலுக்குப் போய்விடுவார். 16 வயதில் வேலைக்கு எடுத்து, கற்றுக்கொள்ள வேண்டிய வயதைச் சுற்றுப்பயணத்தில் கரைத்துவிட்டு, 22 வயதில் வந்து உன் சுயத்தைக் காட்டு, அதுவும் ஏழு நாளில் காட்டு என்பது நியாயமே இல்லாத தேர்வு.

இதை மாற்றுவது நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது. குழுவில் இருக்கும்போதே இளம் பாடகர்களுக்கு எழுதவும் பதிவுசெய்யவும் பயிற்சி தர வேண்டும். பாடல் உரிமையில் பங்கு தர வேண்டும். தனியாக வரும்போது முதல் ஆல்பத்தை மட்டும் நம்பும் ஒப்பந்தத்துக்குப் பதில் இரண்டு மூன்று ஆல்பங்களுக்கான உறுதியும் மனநலப் பாதுகாப்பும் வேண்டும். விமர்சகர்களும் ‘விடுதலை’ என்ற வார்ப்பை விட்டுவிட்டு, பாடகர் எதைக் கற்றார், யாரோடு கற்றார் என்று எழுதத் தொடங்கலாம்.

பார்லோவின் பிற்காலம் இதற்கு இன்னொரு நியாயம் சேர்க்கிறது. 1999இல் முடிந்துபோனவர் என்று ஒதுக்கப்பட்ட அவர், ‘டேக் தட்’ நால்வராக மீண்டும் கூடியபோது 2006 முதல் மறுபடியும் வெற்றிப் பாடல்களை எழுதினார். 2010இல் ராபியும் திரும்பிவர, ஐவரும் சேர்ந்து வெளியிட்ட ‘ப்ராக்ரஸ்’ பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 5 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1997இல் தோற்றதாகச் சொல்லப்பட்டவரும் 1999இல் தோற்றதாகச் சொல்லப்பட்டவரும் அப்போது ஒரே ஆல்பத்தில் இருந்தார்கள். இருவருடைய திறமையையும் சந்தை தவறாகவே அளந்திருந்தது. அளவுகோலாக அது எடுத்துக்கொண்டது முதல் தனி ஆல்பத்தின் முதல் சில வாரங்களை. அந்த அளவுகோலை இன்னும் சின்னதாக்கி வைத்துக்கொண்டு, நல்ல பாடகர்கள் ஏன் நிலைப்பதில்லை என்று இசைத் துறை கேட்பதில் அர்த்தம் இல்லை.