தைத்த மூட்டையும் தைக்காத மூட்டையும்



மண்ணச்சநல்லூருக்கு வந்திருக்கிறீர்களா? அரிசி ஆலைகளுக்குப் பெயர் போன ஊர். ஆலையிலிருந்து லாரியில் ஏற்றும் முன் மூட்டையின் வாயைத் தைத்துவிடுவார்கள். தைக்காமல் அனுப்பினால் வழியில் யாராவது இரண்டு படி அள்ளலாம். அள்ளினால்கூடப் பரவாயில்லை, இரண்டு படி கல்லைக் கலந்துவிட்டால்?

இணையப் பக்கங்களும் இப்படித்தான் நம்மிடம் வருகின்றன. ஓர் இணையதளத்தை இரண்டு வாசல் உள்ள ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 80-ஆம் எண் வாசலில் தைக்காத மூட்டை கிடைக்கும், முகவரி 'எச்.டி.டி.பி.' என்று தொடங்கும். 443-ஆம் எண் வாசலில் தைத்த மூட்டை. அங்கே கூடவே ஓர் 'எஸ்' இருக்கும்.

2025 அக்டோபரில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2026 அக்டோபரில் வரும் குரோம் 154-ஆம் பதிப்பு முதல், 'எஸ்' இல்லாத பொதுத் தளத்தைத் திறக்கும் முன் நம்மிடம் அனுமதி கேட்கும் என்பதே அது.

"பஸ் நேரம், விடுமுறை அறிவிப்பெல்லாம் ரகசியமா சார்? அதற்கு எதற்குத் தையல்?" என்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். 2015 ஜூனில் பெங்களூருவில் நடந்ததைக் கேளுங்கள். தேஜேஷ் என்ற கணினி நிரலாளர் தம்முடைய தளத்தையே ஏர்டெல் 3ஜி இணைப்பில் திறந்து பார்த்தார். உள்ளே அவர் எழுதாத நிரல் வரிகள் இருந்தன! வழியில் சேர்ந்தவை. வாடிக்கையாளருக்கு டேட்டா செலவைக் காட்டும் ஏற்பாடு அது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. இருக்கட்டும். எழுதியவருக்கும் தெரியாமல், படிப்பவருக்கும் தெரியாமல் நடுவில் கை வைக்க முடிந்ததல்லவா? அதே வழியில் யாரோ உங்கள் தேர்வுத் தேதியை மாற்றினால்?

அப்படியானால் 80-ஐ இழுத்துப் பூட்டிவிடலாமே? அவசரப்படாதீர்கள். பழைய நோட்டீஸில் அச்சான முகவரியும், தாத்தா டைரியில் எழுதி வைத்த முகவரியும் அந்த வாசலுக்குத்தான் போகும். பூட்டினால், தளமே இல்லை என்று திரும்பிவிடுவார்கள். அதனால் விவரமான தளங்கள் 80-இல் ஒரு வாட்ச்மேனை மட்டும் நிறுத்துகின்றன. "இங்கே சரக்கு கிடையாது, 443-க்குப் போங்கள்" என்பது மட்டுமே அவர் வேலை. அவரைப் போலவே வேடமிட்டு ஏமாற்றலாம் என்று 2009-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற ஆய்வாளர் செய்து காட்டினார். 2012-இல் அதற்கும் ஒரு விதி வந்தது: ஒருமுறை வந்த உலாவியிடம், "இனி நேராக 443-க்கே வா" என்று தளம் சொல்லி வைக்கலாம்.

செலவு? முன்பு பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் சான்றிதழ் வாங்க வேண்டும். 2015 டிசம்பரிலிருந்து 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு அதை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. சிறிய பள்ளிகூட வாங்கலாம்.

மோசடிக்காரர்களும் அதே சான்றிதழை வாங்குகிறார்கள். பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய போலித் தளத்திலும் அந்த 'எஸ்' இருக்கும். மூட்டைக்குள் புழுத்த அரிசி. தையல் மட்டும் கச்சிதம்!