விற்கப்படும் வீடும் கீழே குடியிருப்போரும்

வீடு விற்பது பற்றி எம்மவரிடையே பேச்செழுந்தால் அது விலையில் தொடங்கி விலையிலேயே முடிகிறது. எத்தனை பேர் பார்க்க வந்தனர், எத்தனை ஒஃபர் வந்தது, கேட்ட விலைக்கு மேல் எவ்வளவு கிடைத்தது என்பனவெல்லாம் கலியாண வீட்டிலும் அந்தியேட்டி வீட்டிலும் விலாவாரியாக விவரிக்கப்படுகின்றன. அந்த வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருந்த குடும்பம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் நெடுங்காலம் கேட்டவனல்லன். 2024 இல் எங்கள் வீட்டை விற்க நேர்ந்தபோதுதான் இக்கேள்வி என் வாசலுக்கே வந்தது. அதற்கு நான் முதலில் அளித்த மறுமொழி தவறானது என்பதை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஸ்காபரோவில் உள்ள ஒற்றைத்தள வீடு எங்களுடையது. இங்கே இதனைப் பங்களோ என்பர். எமது நாட்டில் பங்களா என்றால் மலையகத்துத் தோட்டத்துரையின் மாளிகையே மனக்கண்முன் வரும். ஊருக்குத் தொலைபேசியில் “பங்களோ வாங்கியிருக்கிறோம்” என்று நான் சொன்னபோது, மாமியார் எத்தனை வேலைக்காரர் என்று கேட்டார். உண்மையில் இது மூன்று சிறு அறைகளைக் கொண்ட செங்கல் வீடு. இரண்டாம் உலகப் போரின் பின்னர் பெருகிய குடும்பங்களுக்காக ஸ்காபரோவில் 1950களில் இத்தகையவை வீதி வீதியாகக் கட்டப்பட்டன. இவ்வீடுகளிற் பலவற்றுக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் படிகள் நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கும். எம்மவர் இவ்வகை வீடுகளை விரும்பி வாங்கியமைக்கு அந்தக் கதவே முதற்காரணம். மேலே குடும்பம், கீழே வாடகை. கீழிருந்து வந்த வாடகை இல்லாவிடின் நாங்கள் வங்கிக் கடனைக் கட்டி முடித்திருக்கமாட்டோம். வந்த புதிதில் நாங்களும் வேறொருவரின் கீழ்த்தளத்தில் இருந்தவர்களே.

இருபது ஆண்டுகளில் அவ்வீட்டைச் சிறுகச் சிறுகப் புதுப்பித்தோம். முதலில் கூரை, பின்பு யன்னல்கள், அதன் பின்பு சமையலறை, கடைசியாகக் கீழ்த்தளத்துத் தரையும் குளியலறையும். பிள்ளைகள் வேறிடம் போய்விட்டார்கள். முழங்கால் படியேற மறுத்தது. விற்பதென்று முடிவாயிற்று.

முகவர் வந்தார். நல்லவர், தம் தொழிலைச் செவ்வனே அறிந்தவர். (முகவர்களின் புன்னகை பூத்த முகங்கள் இல்லாவிடில் எமது பத்திரிகைகள் அச்சேறுவதே அரிது என்பதையும் நான் மறக்கவில்லை.) சுவாமிப் படங்களைக் கழற்றி வையுங்கள், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களையும் எடுத்துவிடுங்கள், ஒரு கிழமைக்கு மீன் பொரிக்க வேண்டாம் என்றார். நாங்கள் உட்கார்ந்தெழுந்த கதிரைகளை அகற்றிவிட்டு, ஒருவரும் உட்காராத கதிரைகளை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்தார். இருபது ஆண்டு வாழ்ந்த வீட்டில் நாங்கள் வாழ்ந்த அடையாளமே இல்லாமற் செய்வதுதான் விற்பனைக்கு முதற்படியாம். அதையும் ஏற்றுக்கொண்டோம். கீழ்த்தளத்தின் வடக்கு மூலையில் இளவேனிற் காலத்தில் ஈரம் கசிவதுண்டு. அதன்மேல் ஒரு புதிய சுவர்ப்பலகையை அடித்து வர்ணம் பூசிவிடலாம் என்று திருத்த வேலை செய்தவர் யோசனை சொன்னார். அதற்கு நான் இணங்கவில்லை. கண்ணால் பார்த்துக் கண்டுகொள்ளக்கூடிய குறையைக் கவனிப்பது வாங்குபவர் பொறுப்பு. தெரிந்தே ஒரு குறையை மூடி மறைப்பதோ மோசடி. சட்டமும் அவ்வாறே கருதுகிறது.

ஆனால், “கீழே இருப்பவர்களை எழுப்பிவிடுங்கள், வெறும் வீட்டுக்குத்தான் மதிப்பு” என்று முகவர் சொன்னபோது நான் தலையாட்டினேன்.

கீழே இருந்தவர்கள் கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அகதி விண்ணப்பம் முடிவாகாத நிலையில் நான்காண்டுகளாக எம்முடன் இருந்தவர்கள். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. பனிக்காலத்தில் எங்கள் வாசற்பனியையும் அந்தத் தம்பியே அள்ளுவார். நான் இறங்கிப்போய், வீட்டை விற்கப் போகிறோம், மாத முடிவில் வேறிடம் பார்த்தால் நல்லது என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை, தவணை கேட்கவில்லை. “சரி மாஸ்டர்” என்றார். மறுநாள் மாலை நான் பக்கக் கதவைத் திறந்தபோது பழக்கடையிலிருந்து வாங்கிவந்த வாழைப்பழப் பெட்டிகள் படிகளில் அடுக்கப்பட்டிருந்தன. மூத்த பெண் பாடப் புத்தகங்களை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் முடிய இன்னும் ஏழு கிழமைகள் இருந்தன.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு நானும் இப்படியே ஒரு பையில் அடுக்கினேன். வலிகாமத்தைவிட்டுப் போகும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏன், எவ்வளவு காலத்துக்கு என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. இலட்சக்கணக்கான சனம் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. அன்று பூட்டிவிட்டு வந்த வீட்டை நாங்கள் விற்கவில்லை. அதன் உறுதிப்பத்திரம் இன்றும் என்னிடம் இருக்கிறது. போகச் சொன்னால் போய்விடுவது என்ற பழக்கம் எங்களில் எத்துணை ஆழமாக ஊறியிருக்கிறது என்பது அந்த வாழைப்பழப் பெட்டிகளைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டவன் நான்.

அதன் பின்னரே சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. ஒன்ராறியோவில் 2006 ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி வீடு கைமாறுவதால் மாத்திரம் வாடகையாளரின் உரிமை அற்றுப்போவதில்லை. புதிய உரிமையாளர் வீட்டுடன் வாடகையாளரையும், அவர் செலுத்திவரும் அதே வாடகையையும் ஏற்கிறார். வாங்குபவர் தாமோ தமது துணையோ பெற்றோரோ பிள்ளைகளோ உண்மையாகக் குடியிருக்கப் போவதாயின் மட்டும், விற்பனை ஒப்பந்தம் கைச்சாத்தானபின், என்-12 என்னும் படிவத்தில் அறிவித்தல் கொடுக்கலாம். நாங்கள் விற்ற ஆண்டில் அதற்கு 60 நாள் தவணையும் ஒரு மாத வாடகைக்குச் சமமான இழப்பீடும் வேண்டும் என்பது விதி. வீட்டை இடிப்பதாயின் 120 நாள் தவணை. அறிவித்தல் கிடைத்தவுடனே வெளியேற வேண்டும் என்பதுமில்லை. வாடகையாளர் மறுத்தால் அதற்கென உள்ள சபையின் கட்டளை பெற்றே வெளியேற்ற முடியும். கீழ்த்தளம் நகரசபையின் அனுமதியின்றிக் கட்டப்பட்டதாயினும் இப்பாதுகாப்பு உண்டு. சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரருடன் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் இச்சட்டம் பொருந்தாது. எம்மவரிற் பலர் அவ்வாறு இருப்பதால் இதனைக் கவனிக்க வேண்டும்.

விற்பவர்கள் செய்யும் மற்றொரு காரியமும் உண்டு. இருதரப்பும் சம்மதித்து வாடகையை முடித்துக்கொள்வதற்கான என்-11 படிவத்தை நீட்டி, “இதில ஒரு கையெழுத்துப் போடுங்கோ” என்பார்கள். ஆங்கிலம் வாசிக்க முடியாத அம்மா ஒருவர் மரியாதைக்காகக் கையெழுத்திடுவார். அத்துடன் அவருடைய உரிமை போயிற்று. அதில் ஒப்பமிடும்படி எவரையும் வற்புறுத்த முடியாது. சந்தேகம் இருப்பின் இலவச சமூக சட்ட உதவி நிலையங்களில் கேட்டறியலாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் கேட்பதே நல்லது.

நான் கீழே இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். பெட்டிகள் சில நாள் படியிலேயே இருந்தன. என் பேச்சை அவர்கள் நம்பவில்லை என்று எண்ணுகிறேன்.

இனி, வாங்க வந்தவர்கள். மத்திய வங்கியின் வட்டி 2023 யூலையில் 5 சதவீதத்தைத் தொட்டு, 2024 யூனில்தான் சற்று இறங்கத் தொடங்கியிருந்தது. ஆகவே கூட்டம் அதிகமில்லை. வந்தவர்களில் ஒருவர் சப்பாத்தைக் கழற்றாமலே நடந்து, சமையலறையைத் திரும்பியும் பாராமல், காணியின் அகலத்தை மட்டும் அளந்தார். பழைய வீட்டை இடித்து மாடிவீடு கட்டி விற்பவர் அவர். நாங்கள் பார்த்துப் பார்த்துப் பதித்த கருங்கற்பலகை அவருக்குக் குப்பைத்தொட்டிக்குரிய பாரம் மட்டுமே. இன்னொருவர் கீழே எத்தனை கட்டில் போடலாம் என்று கணக்கிட்டார். அவருடைய மனக்குறை பழைய வாடகை. இருப்பவர் இருந்தால் அரசு அனுமதித்த அளவுக்கு, அதாவது அவ்வாண்டில் 2.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. போய்விட்டால் புதியவரிடம் கேட்ட தொகையை வாங்கலாம். வெறும் வீட்டுக்கு மதிப்பு என்பதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

எம்மவர் குடும்பமொன்றும் வந்தது. அவர்களுடைய பெரியவர் அடுப்பு எத்திசை என்று பார்த்தார், சுவரைத் தட்டினார், பின்பு நாங்கள் ஊரில் எவ்விடம், எந்தக் கோயிலடி என்று கேட்டார். இக்கேள்வியின் உட்பொருளை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாதி காரணமாக ஒதுக்குவதும் மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானதே என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2023 இல் தன் நிலைப்பாட்டை வெளியிட்டிருக்கிறது. நான் “ஸ்காபரோ” என்று மறுமொழி சொன்னேன். அவர்கள் பின்பு வரவில்லை.

கடைசியில் இரண்டு ஒஃபர்கள் எஞ்சின. கட்டில் கணக்கிட்டவர் கூடிய தொகை தந்தார். கீழ்த்தளம் வெறுமையாக ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அவரது நிபந்தனை. மற்றையது ஒரு பிலிப்பைன்ஸ் தம்பதியினருடையது. இருவரும் மருத்துவமனை ஊழியர்கள். வாடகை வந்தால்தான் எங்களாற் கடன் கட்ட முடியும், இருப்பவர்கள் நல்லவர்களாயின் இருக்கட்டும் என்றனர். வித்தியாசம் 18,000 டொலர். எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஒருவரோடொருவர் பேசவில்லை. அத்தொகை எங்களுக்குச் சிறியதன்று. பொருட்படுத்தவில்லை என்று எழுதினால் அது பொய். என் மனைவிதான் முடிவாக, “நாங்கள் கீழ இருந்த காலத்தில ஆராவது இப்படி யோசிச்சிருந்தால்” என்று சொல்லி, மிகுதியைச் சொல்லாமல் விட்டார். நான் முகவரை அழைத்தேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “உங்கட வீடு, உங்கட விருப்பம்” என்றார்.

ஈரம் கசியும் மூலையையும் அத்தம்பதியினருக்குக் காட்டினேன். அவர்களுடைய பரிசோதகர் ஏற்கெனவே கண்டிருந்தார். திறப்பைக் கொடுத்த அன்று, பனி உருகும் காலத்தில் நீரிறைக்கும் இயந்திரம் நின்றுபோனால் எந்த ஆழியை அழுத்த வேண்டும் என்று விளக்கத் தொடங்கினேன். கீழிருந்த தம்பி குறுக்கிட்டு, “அது எனக்குத் தெரியும் மாஸ்டர், நான் பார்த்துக்கொள்ளுறன்” என்றார்.